கரண்டு எங்கே போகிறது?

எல்லோரும் இந்தி பேசும் புரோத்ராபூரில், வீட்டு வாசலில் நின்ற ஜீப் அன்றும் கிளம்பவில்லை.

“சாய் லாவ்!” என்று வீட்டுக்குள் இருந்த மனைவி கோமதியிடம் இந்தியில் டீ கேட்டுவிட்டு, கான்ட்ராக்டர் வைத்தியலிங்கம் மெக்கானிக்கிடம் திரும்பினார். “க்யா ஹுவா, தாமஸ்?”

“டைனமோ நல்லா சார்ஜ் ஏத்துது முதலாளி. பேட்டரியும் புதுசு. வண்டி நிக்கிற நேரத்துல யாரோ கரண்டு எடுக்கிறாங்க. இதோ, கிளிப் மாட்டின தடம்.”

வைத்தியலிங்கம் டிரைவர் ஹரிபதாவின் சட்டையைப் பிடித்தார். “சோர்!” என்று திருட்டுப் பட்டம் கட்டி, இந்தியிலேயே வைது தீர்த்தார். ஹரிபதா வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

“அவரை விடுங்க.”

கோமதி வெளியே வந்தாள். கையில் டீ இல்லை. வயர் தொங்கும் ரேடியோப் பெட்டி இருந்தது.

“எடுத்தது நான்தான். வீட்டுக்குத்தான் இன்னும் கரண்டு வரலையே. நீங்க சாயங்காலம் சீட்டாடப் போனதும், இதை ஜீப் பேட்டரியில மாட்டிக் கேப்பேன்.”

“க்யோன்?” என்று காரணம் கேட்டார்.

“இந்த வீட்டுல எங்கிட்டத் தமிழ் பேசுறது இது ஒண்ணுதாங்க.”

தாமஸ் குனிந்து ஸ்பானரைத் தேடுவதுபோல் பாவனை செய்தான். வைத்தியலிங்கத்தின் கை சட்டையிலிருந்து நழுவியது. மற்ற இருவர் முன்னால் முகம் சுண்டிப்போய், அவளிடம் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தார்.

“மாஃப் கரோ...”

மன்னிப்பும் இந்தியில்தான் வந்தது.