இன்ஜின் தட்டுது

"ரெண்டு வாட்டி போல்ட்டை இறுக்கி அனுப்பிட்டேன். மறுபடியும் தட்டுதுன்னா கோளாறு இன்ஜினுக்கு உள்ளதான். பழைய இன்ஜினை வித்தவன் உங்க தலையில நல்லா கட்டிட்டான் சார்" என்றார் மெக்கானிக்.

காரின் சொந்தக்காரர் கோபப்படவில்லை. பழுதான இன்ஜினைத் தூக்கிவிட்டு, விபத்தில் நசுங்கிய வேறொரு காரின் இன்ஜினை வாங்கிப் பொருத்தியிருந்தார். ஏமாந்தவர் இரண்டு வார்த்தை திட்டவாவது மாட்டாரா? இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகணும். இது என் மனைவி ஓட்டுற கார். இதுலதான் அவ தன் அக்கா ஊருக்குப் போறா."

"லீவுக்கா சார்?"

"இல்ல, ஒரேயடியா. எங்களுக்குள்ள பேச்சு நின்னு பல மாசமாச்சு." டீ வேண்டாம் என்பது போலச் சொன்னார். வருத்தமாக இருக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும். எதுவும் வரவில்லை.

மெக்கானிக் வேலையைப் பார்த்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால், ஏதாவது ஒரு வயரைப் பிடுங்கும்போது சத்தம் குறைய வேண்டும். குறையவே இல்லை. கியர் போட்டால் மட்டும் 'டக்' என்றது.

குனிந்து பார்த்தார். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் அதே போல்ட். போன வாரம் உடம்பின் எடை முழுவதையும் போட்டு இறுக்கியது, இப்போது விரலுக்கே சுற்றியது. அதன் முனைகள் மழுங்கியிருந்தன. பொருந்தாத ஸ்பேனரை வைத்து யாரோ திருகியிருக்கிறார்கள்.

மெக்கானிக்குக்கு எரிச்சலாக வந்தது. முதல் வாட்டி காரைக் கொண்டுவந்த இவர் மனைவி பக்கத்திலேயே நின்று, "இந்த போல்ட்தானாண்ணா?" என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார். பயணத்தைப் பற்றி அவ்வளவு கவலை. இந்த மனுஷன் செய்கிற வேலையைப் பாரேன்.

"சார், இது தானா லூசாகல. யாரோ கழட்டுறாங்க."

அவர் குனிந்து போல்ட்டைப் பார்த்தார்.

"போகாதேன்னு வாயைத் திறந்து சொல்லிட்டாப் போச்சு. போல்ட்டோட எதுக்கு சார் மல்லுக்கட்டுறீங்க?"

"நானா?" அவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "நான் எதுக்குக் கழட்டப் போறேன்? நடுவழியில நின்னுட்டா அவ தனியா என்ன பண்ணுவா?"

அதில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. அதற்குள் மெக்கானிக்கின் போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ். புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, அவரு காரை விட்டுட்டுக் கிளம்பிட்டாரா?"

மனைவியின் குரலைக் கேட்டு அவர் பானெட்டைப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் திரும்பிப் பார்க்க, ஆமாம் என்று சொல்லும்படி தலையசைத்தார்.

"கிளம்பிட்டாரும்மா."

"இந்த வாட்டி ரொம்ப இறுக்கிடாதீங்கண்ணா. போன வாட்டி கழட்டுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."