கிராஃபில் ஒரு பள்ளம்

"சார், இன்னைக்கும் கிராஃப்ல அதே பள்ளம்!" ஆபீஸிலிருந்து போனில் புலம்பினான் உதவியாளன் ஜெர்சன்.

சோலார் பேனல் தரும் மின்சாரத்தை அளக்க ஆஸ்டின் வடிவமைத்த புதுக் கருவி, சிட்லபாக்கத்தில் அவர் வீட்டு மாடியிலேயே சோதனையில் இருந்தது. காலையில் ஒழுங்காக இருப்பது, மூன்று நாளாகச் சாயங்காலமானால் மின்சாரம் திடீரென்று குறைவதாகக் காட்டிச் சொதப்பியது. நாளைக்கு கஸ்டமர் வருகிறார். அந்தக் கவலையில், காபிக்குக் கூப்பிடும் மனைவி பியூலாவுக்குக்கூட அவர் பதில் சொல்வதில்லை.

"நிழல் விழுதோ சார்?"

"மொட்டை மாடியில ஏதுப்பா நிழல்? மெஷினைப் பிரிச்சுட வேண்டியதுதான்."

ஸ்க்ரூடிரைவரோடு மாடியேறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பேனலுக்கு முன்னால் நாற்காலி போட்டு, இரண்டு டம்ளர் காபியோடு பியூலா உட்கார்ந்திருந்தாள். அவள் நிழல் பேனலில் விழுந்திருந்தது.

"கல்யாணமான புதுசுல, உங்க முதல் மெஷினை டெஸ்ட் பண்ண நிழல் வேணும்னு என்னைத்தானே இப்படி உட்கார வெச்சீங்க? நான் கூப்பிட்டா காதுல விழல. மெஷின் கூப்பிட்டா வருவீங்கன்னு தெரியும்."

ஆஸ்டின் இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

போன் அலறியது. "ஐயோ சார், என்ன பண்ணீங்க? இப்ப பள்ளம் ரெண்டு மடங்காயிடுச்சு!"

"அப்ப மெஷின் பக்காவா வேலை செய்யுதுப்பா" என்றார் ஆஸ்டின், காபியை உறிஞ்சியபடி.