எட்டு நாள் சோறு

செவலைப் பசு காலையில் தவிட்டுத் தண்ணீரைத் தொடவில்லை. அவ்வளவுதான், வீடே தொழுவத்தில் கூடிவிட்டது. மாட்டு டாக்டர் வந்து காதைத் தொட்டுப் பார்த்து ஊசி போட்டார். "தனியா விட்டுடாதீங்க, யாராவது பக்கத்துலயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன் கயிற்றைப் பிடித்தபடி நின்ற வீட்டுக்காரர் பொன்னுரங்கம், அறுப்புக்கு நின்ற நெல் மழையில் சாய்ந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. ராத்திரியில் தொழுவத்துக்கு வந்து சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"எட்டு நாளா அவர் தட்டுச் சோறு உனக்குத்தானே வருது?" என்று பக்கத்தில் படுத்திருந்த வீட்டு நாயிடம் சீறியது செவலை. "நான் ஒரு வேளை திங்காததுக்கு டாக்டரு. அவரை என்னன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

"கேட்டாங்களே," என்றது நாய். "ஆம்பளை அழலாமான்னு கேட்டாங்க."