கேதத்துக்கு ஒரு பேர்

"அண்ணே, பழனியாண்டின்னு சொல்லுங்க. அந்தப் பேர மட்டும் சொல்லிப்புடாதீங்க."

வீரம்மா இதைச் சொன்னபோது அவள் புருசனின் உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை. கட்டிய நாளிலிருந்து அவர் பேரை வாயால் சொல்லாதவள், அன்று சொல்லிவிட்டாள்.

எங்கள் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்தால், வரிசை வீடுகளான லயங்களுக்கெல்லாம் போய்க் கேதம் சொல்கிறவன் நான்.

அந்தப் பேர் என்று அவள் சொன்னது, மறியல்.

யுத்த காலத்தில், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையில் வாய்ச்சண்டை முற்றி, கணக்கப்பிள்ளையின் தோளில் கத்தியை இறக்கிவிட்டார் மனுசன். செய்தது தப்புதான். அதற்குக் கோர்ட்டு மூன்று மாதம் கொடுத்தது. கிடந்துவிட்டு வந்தார். நீதவான் அதோடு விட்டுவிட்டார், தோட்டம் விடுமா?

இருபது வருசமாக அவர் மறியலண்ணன். பிள்ளைகளுக்கு மறியல் மாமா. அந்தப் பொடிசுகளுக்கு மறியல் என்றால் ஜெயில் என்றுகூடத் தெரியாது. எங்கேயாவது ஒரு சாக்கு காணாமல் போனால் போதும், பொலிஸ்காரன் நேரே அவர் காம்பராவுக்கு வந்து நிற்பான். அவர் சிரிப்பார். வீரம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

கடைசி நாளிலாவது அவர் சொந்தப் பேரோடு போகட்டும் என்று நினைத்தாள். நியாயம்தானே. மாரியம்மன் மேல் சத்தியம் செய்துவிட்டு மழையில் இறங்கினேன்.

தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு லயங்களில் நின்று, மேட்டு லயத்துப் பழனியாண்டி தவறிவிட்டார் என்று கத்தினேன்.

"பாவம்" என்றார்கள். கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விட்டார்கள். யாரப்பா அது என்று ரெண்டு பேர் கேட்கத்தான் செய்தார்கள். நின்று பேசினால் அந்தப் பேர் வந்துவிடும் என்று ஓடியே வந்துவிட்டேன்.

மத்தியானமாகியும் வாசலில் எங்கள் லயத்து ஆட்கள் மட்டும்தான். அவர் தோள் கொடுக்காத பாடை இந்தத் தோட்டத்தில் கிடையாது. குழி வெட்ட அவர்தான் முதல் ஆள். வீரம்மா பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கீழ்க்கணக்கு இராமையா மம்பட்டியோடு வந்தான். யார் வீட்டுச் சாவானாலும் ஒரு கை கொடுக்கிறவன். வந்தவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"மறியலண்ணன் எங்க? அவரு அளந்து குடுக்காம நான் மம்பட்டியே போடமாட்டேன்."



வீரம்மா எழுந்து போய், முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

"இன்னக்கி அவருக்குத்தான் வெட்டணும், தம்பி."

மம்பட்டியைப் போட்டுவிட்டு இராமையா ஈரமண்ணில் உட்கார்ந்தான். "ஐயோ, மறியலண்ணே" என்று கதறினான்.

அவள் அவனைத் தடுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மறுபடி போங்கண்ணே. மறியலு போயிட்டாருன்னு சொல்லுங்க."

அந்தச் சொல்லும் அவள் வாயில் வந்தது அன்றுதான்.

போனேன். கூடைகளை மலையிலேயே இறக்கி வைத்துவிட்டு ஏறி வந்தார்கள். யாரப்பா அது என்று ஒருவரும் கேட்கவில்லை.