செங்கல் சூளைக் கழுதைகளின் கட்சி

செங்கல் சூளைக் கழுதைகள் சங்கம் வைத்தபோது கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: சுமையைப் பாதியாக்கு. முதல் வேலைநிறுத்தத்திலேயே வெள்ளைமூக்கி என்ற கழுதை செமத்தியாக அடி வாங்கியது. பிறகு சங்கம் கட்சியானது. தலைவரான செவலைக் கழுதை, சூளை முதலாளியோடு மூன்று வருஷம் பேச்சுவார்த்தை நடத்திவிட்டு, கழுத்தில் சால்வையோடு திரும்பியது.

"வெற்றி, தோழர்களே! இனிமேல் சுமைக்கு அடியில் மெத்தென்று ஒரு சாக்கு போடுவார்கள். மற்றதெல்லாம் படிப்படியாக வரும்."

முதுகு ரணத்தை மறந்து வெள்ளைமூக்கி கனைத்துத் தீர்த்தது. மறுநாள் வெற்றி ஊர்வலம். கூட்டத்துக்கு முகம் தெரிய வேண்டுமென்று செவலை, வெள்ளைமூக்கியின் செங்கல் சுமைமேலேயே ஏறி நின்றுகொண்டது.

"சுமை எப்ப தோழர் குறையும்?" என்று மூச்சிரைக்கக் கேட்டது வெள்ளைமூக்கி.

"இங்கிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது. தூரத்தில் வந்துகொண்டிருக்கிறது!"

"நீங்க கொஞ்சம் கீழ இறங்குங்க தோழர், இப்பவே வந்துடும்."