ஈயக்குண்டுக்கு மசகு

தேன்மெழுகு உருகிவிட்டது. வாஸ்லினும் அதோடு கலந்து தெளிந்துவிட்டது. லானோலின் மட்டும்தான் பாக்கி.

கராஜ் அலமாரி முழுக்க டஸ்டின் துழாவினான். லானோலின் டப்பா வழித்துத் துடைத்தது போலக் காலி.

சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. கடையில் விற்கும் குண்டை அவன் கையால் தொடமாட்டான். ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, தானே வார்ப்பான். அதற்குப் பூசும் மசகையும் தானே காய்ச்சுவான். மசகில்லாத குண்டு துப்பாக்கிக் குழாயின் உள்ளே ஈயத்தை அப்பிவிட்டுப் போகும். அப்புறம் குறி வைப்பது ஓரிடம், படுவது ஓரிடம்.

லானோலின் என்பது செம்மறி ரோமத்தின் கொழுப்பு. அது சேராவிட்டால் ஐடஹோ குளிரில் மசகு வெடித்து உதிர்ந்துவிடும். கறாரான ஆள் அவன். அரைகுறை மசகோடு மலையேறுவதை நினைத்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் குளியலறை இழுப்பறையில் கிடக்கும் ட்யூப் நினைவுக்கு வந்தது.

மனைவி கெண்ட்ராவுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது மருந்துக்கடையில் அவன்தான் வாங்கினான். பால் கொடுக்கும் பெண்கள் மார்பில் வெடிப்பு கண்டால் தடவிக்கொள்வது. சுத்தமான லானோலின்.

"உண்மையைச் சொல்லு, இது எனக்கா, உன் குண்டுக்கா?" என்று கெண்ட்ரா அன்று வயிறு குலுங்கச் சிரித்தாள்.

ஆகஸ்டில் மகன் பிறந்தான். அன்று சாயங்காலமே போய்விட்டான்.

தொட்டிலைப் பரணில் ஏற்றியது டஸ்டின். சின்னச் சட்டைகளை மூட்டை கட்டித் தேவாலயத்தில் கொடுத்ததும் அவன்தான். கெண்ட்ரா ஒரு சாமானையும் தொடவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. கொஞ்ச நாளில் தலை வாரிக்கொண்டு வங்கி வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவன் மில்லுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி அழுவான். கல்லோடு குடித்தனம் நடத்த அவனால் ஆகாது. வேட்டை முடிந்ததும் வயோமிங்கில் இருக்கும் அண்ணனிடம் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தான். அண்ணனுக்குச் சொல்லியாயிற்று. அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

ட்யூபை அட்டைப்பெட்டியோடு எடுத்துக்கொண்டு கராஜுக்குத் திரும்பினான். அடுப்பைத் தணித்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தான்.

உள்ளே இருந்து விழுந்தது, அடியிலிருந்து பாதிக்கு மேல் இறுக்கிச் சுருட்டிய ட்யூப்.

பற்பசையைக்கூட அப்படித்தான் கெண்ட்ரா கடைசி வரை சுருட்டுவாள்.

"என்ன அது, தீயற வாடை?" என்று கேட்டுக்கொண்டே அவள் வாசலில் வந்து நின்றாள். அவன் கையில் இருந்த ட்யூபைப் பார்த்தாள்.

"நீ இதைப் பிரிச்சிருக்க மாட்டேன்னு நெனச்சேன்," என்றான் டஸ்டின்.

"பால் வந்துச்சு."

அவன் விழித்தான். பிள்ளை போய்விட்டால் பாலும் வராது என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். நினைத்திருந்தான் என்பதுகூடத் தப்பு. அவனுக்கு அது தோன்றவே இல்லை.

"நிறுத்த மருந்து குடுக்கறேன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். காலைல நீ கிளம்பினதும் பம்ப் வச்சு எடுப்பேன். அந்த ஃப்ரீசர்லதான், உன் மான்கறிக்குக் கீழ வச்சிருந்தேன். பாய்ஸி ஊரு ஆஸ்பத்திரில குறைமாசப் பிள்ளைங்களுக்கு வாங்கிக்கறாங்க. புண்ணாப் போச்சு, அதான் இதைத் தடவிக்கிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கெண்ட்ரா."

"எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு இருந்தே. இதையும் போதும்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான். அது அவனுக்கே தெரிந்தது.

ட்யூபைத் திரும்ப அவளிடம் நீட்டினான்.

கெண்ட்ரா வாங்கிக்கொண்டாள். மூடியைத் திருகினாள். சட்டியின் மேல் பிடித்து, மிச்சமிருந்ததை எல்லாம் மெழுகுக்குள் பிதுக்க ஆரம்பித்தாள்.

"ஏய், வேணாம். உனக்கு வேணுமே."

"வேணாம்," என்றாள். ட்யூபைப் பிதுக்குவதை அவள் நிறுத்தவில்லை. உதடு மட்டும் கோணிக்கொண்டு போனது.

"நேத்து காலைல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், டஸ்டின். ஒரு சொட்டுகூட வரலை."