பேர் வெட்டாத சாமான்

வந்தவர் ஒயின் பாட்டிலைக் கையில் வாங்கியதும், விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார்.

ஆள் பாத்திரக்கடைக்காரர் என்று மொக்கையனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

காளவாசலில் மொக்கையன் 'ஒயின்ஸ்' என்று போர்டு மாட்டி ஒரு வருஷம் ஆகப்போகிறது. பிராந்தி கேட்டு வந்தார்கள், ரம் கேட்டு வந்தார்கள், சில்லறை கேட்டுக்கூட வந்தார்கள். ஒயின் கேட்டு வந்தது இவர்தான் முதல் ஆள். கடையில் இருந்ததே ஒரு பாட்டில். மேல்தட்டில் கிடந்ததை ஸ்டூல் போட்டு எடுக்க வேண்டியிருந்தது.

"என்னண்ணே இம்புட்டுத் தூசி! பழைய சரக்கா?"

"இது பழசானாத்தான் மொதலாளி மதிப்பு."

"நல்லாருக்கே கதை. திருமங்கலத்துல என் கடைக்குப் பழைய குடம் வந்தா எடைக்குத்தான் எடுப்பேன். நீங்க தூசிக்கும் சேத்துல வெலை சொல்றீக?"

மொக்கையன் இறங்கி வந்தார். அவரும் கொஞ்சம் ஏறி வந்தார். நடுவில் ஓரிடத்தில் பேரம் படிந்தது. பேர் வெள்ளைத்துரை என்றும் அதற்குள் தெரிந்தது.

"யாருக்கு மொதலாளி?"

"ஒரு கல்யாணம். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சேத்துக் குடுக்கணும். மாப்பிள்ளை கப்பல்ல சமையக்காரரு. அங்கெல்லாம் சாப்பாட்டுக்கு இதுதானாம். பொண்ணும் குடிக்கலாம்ல?"

"தாராளமா. ரத்தம் ஊறும்."

மொக்கையனுக்கு ஆவல் அடங்கவில்லை. கடை நிறையப் பாத்திரத்தை அடுக்கி வைத்திருக்கிற மனுஷன், கல்யாணத்துக்குப் பாட்டிலோடு போகிறாராம்.

"ஒரு எவர்சில்வர் அண்டாவைத் தூக்கிக் குடுத்தா, பேரன் பேத்தி காலம் வரைக்கும் உங்க பேரு நிக்குமே."

"அதுக்குப் பயந்துதாண்ணே இங்க வந்தேன். என் பேரு அந்த வீட்ல நிக்கக் கூடாது. நின்னா சண்டை வரும். அந்தப் புள்ள நல்லா இருக்கணும்."

பாத்திரம் கொடுத்தால் கொடுத்தவர் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். வெட்டாமல் கொடுத்தால், தனக்கு வந்ததை நமக்குத் தள்ளிவிட்டான் என்று பந்தியிலேயே பேச்சுக் கிளம்பும். அது மொக்கையனுக்கும் தெரியும்.

"இது குடிச்சாத் தீந்துரும்ல?"

"ஒயின் தீராம? ரெண்டே நாளு."

"காலி பாட்டிலு?"

"மண்ணெண்ணெய் வாங்கப் போகும்."

வெள்ளைத்துரைக்கு முகம் தெளிந்தது. பணத்தை நீட்டினார்.

மொக்கையன் வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். வாங்குகிற பொருள் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்பவர்கள்தான் எல்லோரும். எத்தனை நாளில் தீரும் என்று கேட்டு வாங்குகிறவரை இப்போதுதான் பார்க்கிறார்.

வெள்ளைத்துரை பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். இறங்கியவர் திரும்பினார்.

"அண்ணே, இதை எதுல ஊத்திக் குடிக்கணும்?"

"இதென்ன கேள்வி? வீட்ல இருக்க டம்ளர்லதான்."

தெளிந்த முகம் சட்டென்று வாடிவிட்டது. மறுபடி மேலேறி வந்து, துண்டைப் பிரித்து, பாட்டிலைப் பலகை மேல் வைத்தார்.

"அப்பச் சரிப்படாதுண்ணே. எடுத்துக்கங்க."

இதற்கு மேல் பொறுக்க மொக்கையனால் ஆகவில்லை.

"டம்ளர்ல என்னய்யா வந்துச்சு? அந்தப் பொண்ணு யாருதான்?"

வெள்ளைத்துரை பாட்டிலில் ஒட்டியிருந்த தூசியைத் துண்டு முனையால் துடைத்தார். துடைத்து முடித்துத்தான் பேசினார்.

"ராக்கம்மா. போன வருசம் வரைக்கும் எனக்குப் பொண்டாட்டி."

மொக்கையன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒத்துவரல. ஊர்க்கூட்டத்துல பேசித் தீத்து விட்டாங்க. எங்க கல்யாணத்தப்ப சீர் செய்ய அவுக வீட்ல வசதியில்ல. குடத்துலருந்து டம்ளர் வரைக்கும் என் கடையிலயே எடுத்து, ரெண்டு பேரு பேரையும் நாந்தான் ஒக்காந்து வெட்டுனேன். பிரியுறப்ப சீரு பொண்ணோட போகணும்ல? போயிருச்சு. இனி அந்த மாப்பிள்ளை காப்பி குடிச்சாலும் தண்ணி குடிச்சாலும், ஒதட்டுக்கு எதுத்தாப்புல நாந்தான் நிப்பேன்."

"தேய்ச்சு எடுக்க முடியாதா?"

"முடியாதுண்ணே. ஆசையில கொஞ்சம் ஆழமா வெட்டிப்புட்டேன். இதைக் குடிக்கையிலயாவது குறுக்க நிக்க வேணாமேன்னு பாத்தேன்."

கடைக்கு வருகிறவர்களுக்கு ஊறுகாய்கூட ஓசியில் கொடுத்தறியாத மொக்கையன், பலகைக்கு அடியில் குனிந்து இரண்டு கண்ணாடி கிளாஸ்களை எடுத்தார். கழுவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றில் விளிம்பு உடைந்திருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்று எடுத்தார்.

இரண்டையும் தனித்தனியாகப் பேப்பரில் சுற்றி, பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வெள்ளைத்துரையின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"எம்புட்டு?"

"சும்மா கொண்டு போ மாப்ள. என் மொய்யா இருக்கட்டும்" என்றார் மொக்கையன். "என் பேரைச் சொல்லிராத."